பளீர் நிறத்தில் கம்பளி நூல்: ஜாக்கார்ட் ஆசிட் டை வாங்கலாமா, மளிகைக்கடை ஃபுட் கலரே போதுமா?

வீட்டு அடுப்பில் கம்பளி நூலுக்குச் சாயம் போட இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. மளிகைக்கடையில் சின்ன டப்பாவில் விற்கும் ஃபுட் கலர் பொடி ஒன்று. அமெரிக்கா, கனடா பக்கம் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சேர்க்காத கூல்-எய்ட் பாக்கெட் இன்னொன்று. கைவினைப் பொருள் விற்கும் இணையக் கடைகளில் கிடைக்கும் ஜாக்கார்ட் ஆசிட் டை மூன்றாவது. மூன்றும் வேதியியலில் ஒரே குடும்பம்தான். மூன்றுமே புளிப்பும் சூடும் சேர்ந்தால் கம்பளியில் ஏறுகிற சாயங்கள். வித்தியாசம் தெரிவது அடர்த்தியில், வெயில் தாங்குவதில், அதே நிறத்தை மறுபடி எடுக்க முடிவதில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிட்டம் (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்) போட்டுப் பார்த்து, கை பழக வேண்டும் என்றால் ஃபுட் கலர் தாராளமாகப் போதும். சால்வை, ஸ்வெட்டர் என்று பின்னி வெளியே போட்டுக்கொண்டு போவதற்கு நூல் வேண்டும், ஐந்து சிட்டமும் ஒரே நிறமாக வர வேண்டும் என்றால் ஜாக்கார்டில் மூன்று டப்பா வாங்குங்கள்: யெல்லோ சன் (மஞ்சள்), ஹாட் ஃபுஷியா (பளீர் ரோஸ்), டர்காய்ஸ் (பச்சை தட்டும் நீலம்). முதல் ஆறு மாதத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

சாயம் வாங்குவதற்கு முன்னால் நூலைப் பாருங்கள்

நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது பிளாஸ்டிக் இழை. ஆசிட் சாயம் அதில் ஏறவே ஏறாது. ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் அலசினால் வெள்ளையாகவே திரும்பி வரும். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். நிஜக் கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், கருகிய நுனியை விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாக இறுகிவிடும், நசுக்க முடியாது. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். அதிலும் இந்தச் சாயம் நிற்காது.

பருத்திக்கு விற்கும் ரியாக்டிவ் சாயத்தோடு வரும் சோடா ஆஷைக் கம்பளிக்குப் போட்டுவிடாதீர்கள். காரம் கம்பளியை அரிக்கும். இழை சொரசொரப்பாகி, மஞ்சள் பூத்து, பலமிழந்துபோகும். ஆட்டு ரோமமும் பட்டும் புரதம் என்பதால் இரண்டுக்கும் புளிப்புதான் பொருந்தும். பட்டுக்கு ஆசிட் சாயம் போட்டுப் பழகிய சாயப்பட்டறைக்காரர்களுக்கு இந்த வேலை புதிதாகவே இருக்காது.

நூலில் இரண்டு வகை. ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருந்தால் இழையின் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். அது சாயத்தை வேகமாக, அடர்த்தியாக இழுக்கும். பளீர் நிறம் எளிதில் வரும், இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் திரளாது. சாதாரணக் கம்பளி மெதுவாக இழுக்கும், நிறம் ஒரு படி அடங்கித் தெரியும், முரட்டுத்தனமாகக் கையாண்டால் திரண்டு கம்பளமாகிவிடும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 100 கிராம் சூப்பர்வாஷ் மெரினோ (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி). 75 பங்கு மெரினோவும் 25 பங்கு நைலானும் கலந்த சாக்ஸ் நூலும் நல்லதுதான், நைலானும் இந்தச் சாயத்தை ஏற்கும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளின் ரோமம் போல, நம் மலைப் பக்கத்துக் கம்பளி கையில் நூற்றது கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அதில் ஆட்டு மெழுகு மிச்சம் இருக்கும். 60 டிகிரி வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் விட்டு, கசக்காமல் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். அதே சூட்டுத் தண்ணீரில் அலசிய பிறகுதான் சாயம். மெழுகு இருக்கும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கும்.

மஞ்சள் பூத்த கம்பளியில் நீலம் போட்டால் பச்சை சாயல் தட்டும். பளீர் நீலமும் ஊதாவும் வேண்டும் என்றால் நூல் நல்ல வெள்ளையாக இருக்க வேண்டும். இது சாயத்தின் குற்றம் இல்லை.

ஃபுட் கலர்: லேபிளைப் படித்தால் பாதி வேலை முடிந்தது

ஃபுட் கலர் டப்பாவின் முன்பக்கம் ‘ஆப்பிள் கிரீன்’, ‘ராஸ்பெரி ரெட்’ என்று அழகான பெயர் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். எண்கள் இருக்கும். 102 என்றால் டார்ட்ரசின், எலுமிச்சை மஞ்சள். 110 சன்செட் யெல்லோ, ஆரஞ்சு. 122 கார்மோய்சின், 124 பொன்சோ 4ஆர், இரண்டும் சிவப்பு. 127 எரித்ரோசின், இளஞ்சிவப்பு. 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியண்ட் ப்ளூ. 143 ஃபாஸ்ட் கிரீன். ஒரே ஒரு எண் மட்டும் இருக்கும் டப்பா வாங்கினால் நிறம் சுத்தமாக வரும். பச்சை டப்பாக்களில் வழக்கமாக 102-ம் 133-ம் சேர்ந்திருக்கும். அதனால் நூலில் சில இடம் மஞ்சளாகவும் சில இடம் நீலமாகவும் பிரிந்து ஏறலாம்.

132 எழுதியிருக்கும் நீலத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சத்தில் இது சீக்கிரம் வெளுக்கும். 133 எவ்வளவோ மேல். ‘லேக்’ என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். அது தண்ணீரில் கரையாத வகை, சாக்லேட்டுக்கும் மாத்திரைக்கும் பூச்சாகப் போடுவது. டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்தவையும் வேண்டாம், வெள்ளைப் பொடி நூலில் படிந்து நிறத்தை மங்கலாக்கும். கேக் அலங்காரத்துக்கான ஜெல் நிறங்கள் வேலை செய்யும். முதலில் வெந்நீரில் முழுக்கக் கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையாத துளி ஒட்டிய இடம் புள்ளியாகிவிடும்.

இதில் உண்மையான குறை அளவுதான். பொடியில் பாதிக்கு மேல் உப்பு போன்ற நிரப்பியாக இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் 10 கிராம் நூலுக்குக் கால் டீஸ்பூன் என்று ஆரம்பித்து, காய்ந்த பிறகு பார்த்து, கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு டப்பாவில் கண்ட நிறத்தை வேறு கம்பெனி டப்பாவில் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு ஸ்வெட்டருக்கான நூலை ஒரே தடவையில் சாயம் போட முடியாதவர்களுக்கு இது பெரிய தலைவலி.

கூல்-எய்ட் பற்றி இரண்டு வரி. 1927-இல் எட்வின் பெர்கின்ஸ் என்பவர் நெப்ராஸ்காவில் உருவாக்கிய இந்தப் பானப் பொடியில் சிட்ரிக் அமிலம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. வினிகர் தேவையில்லை. 100 கிராம் நூலுக்கு நாலு பாக்கெட் மிதமான நிறம், ஏழெட்டு பாக்கெட் பளீர். பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்ய இதைவிட நல்லது இல்லை. பழ வாசனை சில வாரம் நூலில் நிற்கும். சர்க்கரை கலந்த பாக்கெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், நூல் பிசுபிசுத்துவிடும்.

ஜாக்கார்ட் டப்பாவில் என்ன இருக்கிறது

கலிஃபோர்னியாவின் ஹீல்ட்ஸ்பர்க்கில் இருக்கும் ரூபர்ட், கிப்பன் அண்ட் ஸ்பைடர் நிறுவனத்தின் தயாரிப்பு இது. சின்ன டப்பா அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம். ஒரு டப்பா ஏறக்குறைய 2 பவுண்டு, அதாவது 900 கிராம் நூலுக்கு வரும் என்பது கம்பெனி கணக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூலின் எடையில் ஒன்றரை சதவீதம். பளீர் நிறத்துக்கு அது சரியான அளவுதான், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மிதமான நிறம் போதும் என்றால் 100 கிராம் சிட்டங்கள் பதினாலு போடலாம். வெளிர் நிறம் என்றால் ஒரு டப்பா வருடக்கணக்கில் வரும்.

ஜாக்கார்டின் எல்லா நிறமும் ஒற்றைச் சாயம் இல்லை. பல நிறங்கள் இரண்டு மூன்று சாயங்களைக் கலந்து செய்தவை. எது கலவை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. காபி ஃபில்டர் தாளையோ வெள்ளை டிஷ்யூவையோ ஈரமாக்கித் தட்டில் விரியுங்கள். பல்குத்தும் குச்சி நுனியில் ஒட்டுகிற அளவு பொடி எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டிவிடுங்கள். ஒற்றைச் சாயம் என்றால் விழுந்த புள்ளியெல்லாம் ஒரே நிறமாக விரியும். கலவை என்றால் தாளில் ஊதாவுக்குப் பதிலாக ரோஸ் புள்ளியும் நீலப் புள்ளியும் தனித்தனியே பூக்கும். கருப்பைத் தட்டினால் இன்னும் வேடிக்கை, கருப்பே கண்ணில் படாமல் பச்சையும் சிவப்பும் நீலமுமாகச் சிதறும். தாளில் பிரிகிறது என்றால் நூலிலும் பிரியலாம் என்று அர்த்தம்.

ஏன் பிரிகிறது? ஒவ்வொரு சாயமும் கம்பளியில் ஏறும் வேகம் வேறு. சிவப்புச் சாயங்கள் பல சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், நீலமும் டர்காய்ஸும் நிதானமாக வரும். காய்ச்சும் முன்பே புளிப்பை அள்ளிப் போட்டால் சிவப்பு முதலில் பட்ட இழையிலேயே உட்கார்ந்துவிடும், மிச்ச இடத்தை நீலம் எடுத்துக்கொள்ளும். இதை விரும்பி வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு, ஊதா சிட்டத்தில் ரோஸும் நீலமும் மேகம் மேகமாக வருவது அழகுதான். சமமான ஊதா வேண்டும் என்கிறவர்கள் புளிப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

கழுவினால் சாயம் நிற்பதில் இந்த வரிசை நிறங்களுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு, காரணம் எல்லாம் ஒரே வகை ஆசிட் சாயம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கைத்துவையல் செய்யும் நூலுக்குக் கவலையில்லை. அடிக்கடி மெஷினில் போட வேண்டிய சாக்ஸுக்கு லானாசெட் வகைச் சாயங்கள் இன்னும் கெட்டி. அவற்றில் உலோகம் சேர்ந்தவையும் உண்டு, சமன்படுத்தும் துணைப் பொருளும் வாங்க வேண்டும், செய்முறையும் கறார். வீட்டுக்கு முதல் சாயமாக அதை நான் சொல்ல மாட்டேன்.

கரைசல் தயாரிப்பு

பொடியை நேராகப் பாத்திரத்தில் போடுவது பலரும் செய்யும் முதல் தப்பு. ஒரு சதவீதக் கரைசல் செய்து வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் எளிதாகிவிடும். 1 கிராம் பொடி, 100 மில்லி தண்ணீர். சமையலறைத் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது. 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். அது இல்லையென்றால் 14 கிராம் டப்பாவை அப்படியே கவிழ்த்து 1.4 லிட்டர் கரைசலாக்கிவிடுங்கள், எடையே போட வேண்டாம்.

முதலில் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைக் குழைத்துப் பசையாக்குங்கள். மைதா கரைப்பது போலத்தான், கட்டி தட்டாமல். பிறகு கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கட்டி தட்டினால் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆற வைத்து, மூடிபோட்ட பாட்டிலில் நிறமும் தேதியும் எழுதி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இந்தக் கரைசலில் புளிப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. அடியில் படிந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கிக் குலுக்கினால் கரைந்துவிடும்.

இந்தக் கரைசலில் 100 கிராம் நூலுக்கு 10 முதல் 20 மில்லி என்றால் வெளிர் நிறம். 100 மில்லி மிதம். 150 முதல் 200 மில்லி பளீர். கருப்புக்கு மட்டும் 300, 400 மில்லி கேட்கும். 200-க்கு மேல் போட்டாலும் நிறம் இன்னும் பளீரென்று ஆகாது, அலசும்போது வெளியேறும் சாயம்தான் கூடும். நிறம் மங்கலாக வந்தால் சாயத்தைக் கூட்டுவதைவிடக் கலவையைக் குறைப்பதே மருந்து. மஞ்சள், ரோஸ், நீலம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழுப்புதான். பளீர் நிறம் என்பது எப்போதும் ஒன்று அல்லது இரண்டு சாயத்தில் நிற்பது.

இரண்டைக் கலக்கும்போது பாதிக்குப் பாதி என்று போகாதீர்கள், ஹாட் ஃபுஷியா மிகவும் பலமானது. ஆரஞ்சுக்கு 90 மில்லி மஞ்சள், 10 மில்லி ஃபுஷியா என்று தொடங்குங்கள். கிளிப்பச்சைக்கு 90 மஞ்சள், 10 டர்காய்ஸ். ஊதாவுக்குத்தான் ஃபுஷியாவும் டர்காய்ஸும் ஏறத்தாழச் சரிபாதி. இவையெல்லாம் தொடக்க அளவுகள். 10 கிராம் துண்டில் போட்டுக் காயவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒன்றிரண்டு படி குறையும்.

பொடியைத் திறக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். என்-95 முகக்கவசம், கையுறை இரண்டும் வேண்டும். மேஜையில் ஈரச் செய்தித்தாளை விரித்து அதன் மேல் வேலை செய்தால் பறக்கும் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் பக்கத்தில் வைத்த வெள்ளைச் சிட்டத்தில் விழுந்தால் நனைத்த பிறகு ரோஸ் பொட்டாக மலரும், எடுக்கவே முடியாது. சாயத்துக்கு வைத்த பாத்திரம், கரண்டி, இட்லிக் குண்டான் எதுவும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. ஃபுட் கலர் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், இல்லையென்றால் எனாமல். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும், நிறமும் மாறும்.

ஒற்றை நிறம்

நூலைப் பெரிய வட்டமாகச் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் 8 வடிவில் குறுக்கே நூல் விட்டுக் கட்டுங்கள். கட்டு தளர்வாக இருக்க வேண்டும், ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் புகாமல் வெள்ளை வளையம் விழும். பிறகு ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். கம்பளியின் மேல்பரப்பு தண்ணீரைத் தள்ளும். காய்ந்த நூலைச் சாயத்தில் போட்டால் வெளியே அடர்த்தியும் உள்ளே வெளிறலுமாக வரும்.

100 கிராம் நூலுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர். கரைசலை விட்டுக் கலக்கி, ஊறிய நூலைப் பிழிந்து வெதுவெதுப்பான நிலையிலேயே இறக்குங்கள். அரை மணி நேரத்தில் மெதுவாக 85, 90 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் பாத்திரத்தைப் பார்த்தே சொல்லலாம். அடியில் பொடிக் குமிழி ஒட்டியிருக்கும், ஆவி எழும், ஆனால் தளதளவென்று கொதிக்காது. கொதித்தால் தண்ணீர் நூலைப் புரட்டும், சாதாரணக் கம்பளி அதிலேயே திரண்டுவிடும். ஊட்டியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் தீயைக் கூடுதல் கவனத்தோடு வையுங்கள்.

சூடு ஏறி சாயம் நூலில் பாதி போன பிறகு புளிப்பு. நூலை ஓரம் ஒதுக்கி, தண்ணீரில் விட்டுக் கலக்கி, பிறகு நூலைப் பரப்புங்கள். கம்பெனி சொல்லும் அளவு ஒரு பவுண்டு நூலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் அல்லது கால் கப் வினிகர். 100 கிராமுக்கு 3 கிராம் சிட்ரிக் ஆசிட் என்று வரும். போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இது போதாது. கடினத் தண்ணீரில் இருக்கும் உப்புகள் புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் தாராளமாகப் போடுங்கள். புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் இருந்தால் 4-ஐக் காட்ட வேண்டும். கரைசல் தயாரிக்க மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்வது நல்லது. வினிகரைவிட எனக்கு சிட்ரிக் ஆசிட்தான் சரி, மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், வீடு நாறாது.

இந்தப் புளிப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் அளவு மறக்காது. கம்பளிப் புரதத்தில் இருக்கும் அமைன் தொகுதிகள் அமிலத்தில் நேர்மின் ஏற்கும். சாயம் எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சூடு இழையை உப்பவைத்து உள்ளே வழிவிடும். இரண்டில் எது குறைந்தாலும் சாயம் வெளியேதான் நிற்கும்.

அடுத்த அரை மணி நேரம் அதே சூட்டில் விடுங்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு கரண்டி தண்ணீர் எடுத்துப் பாருங்கள். ஃபுஷியா பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளுத்து, கழுவிய அரிசித் தண்ணீர் போல ஆகிவிடும். டர்காய்ஸ் அப்படி இல்லை. இருபது நிமிடம் ஆனாலும் கிண்ணத்தில் நல்ல நீலம் தெரியும், கை அவசரப்படும். சூட்டை 90-க்குப் பக்கத்தில் வைத்து இன்னும் அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்த்து, முக்கால் மணி நேரம் வரை பொறுங்கள். கிண்ணத்தில் நீலம் வெளிறி வானத்தின் ஓரம் போல ஆகி, பிறகு தெளியும். அதற்கு முன்னால் எடுத்தால் அந்த நூல் அலச அலச நீலம் விட்டுக்கொண்டே இருக்கும்.

அடுப்பை அணைத்து அப்படியே இரவு முழுக்க ஆறவிடுங்கள். சூடான நூலைக் குழாயடியில் காட்டினால் சூட்டு வித்தியாசமும் தண்ணீரின் அடியும் சேர்ந்து திரட்டிவிடும். ஆறிய பிறகு ஒரே சூட்டில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் காயப்போடுங்கள். துவைக்கும் சோப்புப் பொடி வேண்டவே வேண்டாம், அதன் காரம் கட்டிய சாயத்தை அவிழ்த்துவிடும். ஷாம்பூ ஒரு சொட்டு போதும்.

பல நிறம்: தீட்டி ஆவியில் வைப்பது

இதற்காகத்தான் பெரும்பாலோர் சாயம் வாங்குகிறார்கள். இங்கே நூலை அரை மணி நேரம் சிட்ரிக் ஆசிட் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன். பிறகு சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழியுங்கள். இந்தப் பிழிதலில்தான் பலரும் கோட்டை விடுவது. ஈரம் அதிகம் என்றால் நிறங்கள் அடியில் வடிந்து ஒன்றோடொன்று கலந்து, சிட்டத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க சேற்று நிறமாகிவிடும்.

மேஜையில் கிளிங் ஃபிலிமை இரண்டு அடுக்காக விரித்து, நூலை நீள்வட்டமாகப் பரப்புங்கள். சாஸ் பாட்டிலில் கரைசலை எடுத்து, 100 கிராம் நூலுக்கு எல்லா நிறமும் சேர்த்து 150 முதல் 200 மில்லிக்குள் நிறுத்துங்கள். கையுறை போட்ட விரலால் அழுத்தி உள்ளே ஏற்றி, நூலைப் புரட்டிப் பின்பக்கமும் பாருங்கள். நூலின் நடுவே வெள்ளை ஒளிந்திருக்கும்.

நிற வரிசையை வானவில் போல வைத்தால் இரண்டு நிறம் சந்திக்கும் இடமும் பளீரென்றே இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், ஊதா, நீலம், டர்காய்ஸ், கிளிப்பச்சை, மறுபடி மஞ்சள். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைத்தால் சந்திக்கும் விரற்கடை பழுப்பாகும். சிவப்பும் பச்சையும் அப்படியே. பழுப்பு வராமல் வைத்தே தீர வேண்டும் என்றால் நடுவில் இரண்டு விரல் வெள்ளை விடுங்கள், ஆவியில் நிறம் பரவி அதுவே நிரம்பிவிடும்.

ஃபிலிமை மடித்து மூடி, நத்தை ஓடு போலச் சுருட்டி, சாயத்துக்கென்று ஒதுக்கிய இட்லிக் குண்டானில் தட்டின் மேல் வையுங்கள். தண்ணீர் தொடக் கூடாது. ஆவி வந்ததிலிருந்து 30 நிமிடம், டர்காய்ஸ் இருந்தால் 45. மலைப் பகுதியில் ஆவியின் சூடும் குறைவு என்பதால் ஒரு மணி நேரம். பாதியில் ஒரு தடவை சுருளைத் திருப்பிப் போடுங்கள். நன்றாகப் பிடித்ததற்கு அடையாளம், ஃபிலிமின் மடிப்பில் தேங்கும் நீர் நிறமில்லாமல் இருக்கும். மடிப்பில் நிறம் நின்றால் இன்னும் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும்.

சாயம் விட்டால்

காய்ந்த நூலை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் இரண்டு காரணம்தான். நூல் தாங்குவதற்கு மேல் சாயம் போட்டிருக்கலாம், அதற்கு அலசுவதே வழி. இல்லையென்றால் சூடோ புளிப்போ போதாமல் கட்டாமல் நிற்கிறது. அப்போது 4 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு, 90 டிகிரியில் இன்னும் அரை மணி நேரம் வைத்தால் அடங்கிவிடும். உப்பு போட்டால் கெட்டியாகும் என்பது நம்மிடம் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. ஆசிட் சாயத்தில் உப்பு அதைச் செய்வதில்லை, சாயம் ஏறுவதைத் தாமதப்படுத்திச் சமப்படுத்த மட்டும் உதவும்.

வெயிலைப் பொறுத்தவரை ஃபுட் கலருக்கும் ஜாக்கார்டுக்கும் இடைவெளி பெரியது. ஜன்னலில் பாதி மூடி வைத்த துண்டுகளில் ஃபுட் கலர் தெளிவாக வெளுக்கும். குழந்தை பொம்மை, வீட்டுக்குள் இருக்கும் அலங்காரம் என்றால் கவலையில்லை. தோளில் போட்டு வெளியே போகும் சால்வைக்கு ஃபுட் கலரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜாக்கார்டும் ஆயுளுக்கும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். ஒளிரும் ரோஸ், ஒளிரும் மஞ்சள் வகைகள் எந்தக் கம்பெனியானாலும் மற்ற நிறங்களுக்கு முன்னால் மங்கும்.

வேலை முடிந்த தண்ணீர் தெளிந்திருந்தால் சமையல் சோடா கொஞ்சம் போட்டுப் புளிப்பைத் தணித்துச் சாக்கடையில் விடலாம். நிறத்தோடு விடாதீர்கள். நொய்யலில் ஓடிய சாயத் தண்ணீருக்காக 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீரில் நிறம் மிச்சமிருந்தால் பழைய வெள்ளைக் கம்பளித் துண்டு ஒன்றைப் போட்டு இன்னும் கால் மணி நேரம் காய்ச்சுங்கள். சாயத்தை அது குடித்துவிடும், கையில் ஒரு வெளிர் நிறத் துண்டும் மிஞ்சும்.

வாங்கும்போது டப்பாவில் ‘ஆசிட் டை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே கம்பெனி பருத்திக்கான புரோசியான் சாயமும் ஏறக்குறைய அதே மாதிரி டப்பாவில் விற்கிறது. மூன்று டப்பா, அரை கிலோ எலுமிச்சை உப்பு, ஒரு நகைத் தராசு, தலா 100 கிராமில் சூப்பர்வாஷ் மெரினோ இரண்டு சிட்டம். ஒரு சிட்டத்தைப் பத்துப் பத்து கிராமாகப் பிரித்துச் சோதனைக்கு வைத்துக்கொண்டு, அளவை எழுதிய சீட்டை ஒவ்வொரு துண்டிலும் கட்டிவிடுங்கள். இன்னொரு சிட்டத்தை அந்தச் சீட்டுகளைப் பார்த்துத் தீட்டுங்கள்.